உச்சி வெயிலில் இரண்டு மச்சம்

“தலையைக் கொஞ்சம் தூக்கு. அவ்வளவு வேண்டாம். மூக்கை மட்டும்.”

“மூக்கை மட்டும் எப்படிங்க தூக்கறது?”

மொட்டை மாடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் நட்டநடுவில் நாற்காலி போட்டு, மனைவியை உட்காரவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார் மங்கல் மாமா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். காரணப் பெயர்தான். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமராவும், அதற்கு ஒரு ஃபாஸ்ட் லென்ஸும் வாங்கினார். கிணறு மாதிரி அகலமான வாய் அந்த லென்ஸுக்கு. அதை முழுசாகத் திறந்துவைத்தால் எதைக் குறிபார்க்கிறோமோ அது மட்டும் துல்லியமாக விழும்; முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வெண்ணெயாக உருகிவிடும். மாமா அந்த வாயை ஒருநாளும் சுருக்கியதில்லை. அவர் எடுத்த படங்களில் மச்சினருக்கு மீசை இருக்கும், முகம் இருக்காது. சம்பந்தி அம்மாளுக்குத் தோடு ஜொலிக்கும், ஆள் யாரென்று தோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இதையெல்லாம் முப்பது வருஷக் குடித்தனப் பழக்கத்தில் பொறுத்துக்கொண்டவர். இன்சூரன்ஸ் அம்மா என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. எரிந்த கடை, முங்கிய கிடங்கு, திருடுபோனதாகச் சொல்லப்பட்ட லாரி என்று எதைக் காட்டினாலும் நிதானமாக ஒரு சுற்று சுற்றிவந்து, தானாக நடந்ததா நடத்தப்பட்டதா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகும் சிக்கல்கள் அவரை விடவில்லை. அதில் மாமாவுக்குப் படு பெருமை. பால்காரரிடம்கூட “எங்க வீட்டம்மா நேத்து ஒரு கேஸை முடிச்சாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவார்.

கீழே அழைப்புமணி அடித்தது.

வந்தவர் ஒரு பதிப்பாளர். நடுத்தர வயதுப் பெண்மணி. உட்காரக்கூடத் தோன்றாமல் ஒரு பெரிய படத்தை மேசைமேல் விரித்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் இது அச்சுக்குப் போகணும்மா. வெயில்ல வேலை செய்யறவங்களைப் பத்தின புகைப்படப் புத்தகம். இதுதான் அட்டை. படம் யாருதுன்னு ரெண்டு பேர் சண்டை போடறாங்க. யார் பேரைப் போடறதுன்னு எனக்குத் தெரியல.”

படம் கறுப்பு வெள்ளை. பஸ் டிப்போவில் ஒரு பெண் வாளித் தண்ணீரை பஸ்ஸின்மேல் வீசுகிறாள். அவள் இமைமுடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் பறக்கும் தண்ணீர் வெள்ளி நூல்களாக நீண்டிருந்தது. காலடியில் நிழல் மைபோலக் கறுத்து, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. பின்னால் நின்ற பஸ்களெல்லாம் உருகிப்போய், அவற்றின் ஜன்னல்களில் பட்ட வெயில் மட்டும் வட்ட வட்டமாக மிதந்தது.

மாமா மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். “முழுசா வாய் திறந்து எடுத்தது! உச்சி வெயில்ல! அடடா, இப்படி ஒண்ணு எடுத்துட்டா ஜென்மம் சாபல்யம்மா!”

இன்சூரன்ஸ் அம்மா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“என்னங்க, இந்த வட்டத்துல பெருசா ஒண்ணு, பக்கத்துல சின்னதா ஒண்ணு, மச்சம் மாதிரி இருக்கே?”

மாமா குனிந்து பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “தூசும்மா. பிரின்ட்ல தூசு.”

“எல்லா வட்டத்துலயும், ஒரே பக்கத்துலயா?”

மாமா அதற்குப் பதில் சொல்வதற்குள் இன்சூரன்ஸ் அம்மா பதிப்பாளரிடம் திரும்பிவிட்டார். “யாரு அந்த ரெண்டு பேர்?”

இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்துகிறவர்கள். ஒருவனைத் தாடி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்னொருத்தி அவனோடு ஒன்றாகப் படித்தவள். ஒரே லென்ஸ், ஒரே கம்ப்யூட்டர். அன்றைக்கு டிப்போவில் லென்ஸை மாற்றி மாற்றி வாங்கி இருவருமே படமெடுத்தார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டினார்கள். மறுநாள் கல்யாண வேலைக்காகக் கேமராவின் மெமரி கார்டுகளை அழித்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த மூலப் படமும் காணாமல் போய்விட்டது. மிஞ்சியது இந்தக் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றுதான். அதைத் தாடி தன் பெயரில் அனுப்பியிருந்தான். அட்டை தயாரான பிறகுதான் அந்தப் பெண் பார்த்திருக்கிறாள்.

“அழக்கூட இல்லம்மா அந்தப் பொண்ணு. ‘இது என் படம். கறுப்பு ஃபில்டர் போட்டு நான் எடுத்தது. என் பேர் வரலைன்னா இனிமே கேமராவையே தொடமாட்டேன்’னு சொல்லிட்டுப் போயிட்டா. சொன்னதைச் செய்யற ஆள் மாதிரிதான் தெரியுது. அதான் பயமா இருக்கு. ஒருவேளை நிஜமாவே அவ எடுத்திருந்தா, ஒரு நல்ல கலைஞரை நானே கொன்ன மாதிரி ஆயிடும்.”

“வெயில்ல இந்த மாதிரி எடுக்கறது கஷ்டமா?” என்று இன்சூரன்ஸ் அம்மா கணவரைக் கேட்டார்.

இதற்காகவே பிறவி எடுத்தவர்போல் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்லா கேட்டே! லென்ஸ் வாயை முழுசா திறந்தா வெளிச்சம் வெள்ளமா உள்ள வரும். உச்சி வெயில்னா படம் வெறும் வெள்ளைத்தாள்தான். தப்பிக்க ரெண்டே வழி. ஒண்ணு, ஷட்டரை, அதான் வெளிச்சத்தை உள்ள விடற கதவை, நினைச்சுப் பார்க்க முடியாத வேகத்துல மூடணும். அதுக்குப் புதுக் கேமராவுல சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கு. நான் அதைத்தான் பண்றேன். இன்னொண்ணு, லென்ஸ் முன்னால கறுப்பு ஃபில்டர் மாட்டணும். லென்ஸுக்குக் கூலிங்கிளாஸ்னு வெச்சுக்கயேன்.”

“அப்போ ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்கணும்” என்று எழுந்தார் அவர்.

ஸ்டூடியோ ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கல்யாணப் படங்கள். எல்லாவற்றிலும் கலர் கண்ணைப் பறித்தது. தாடி வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். மாமாவின் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்ததும் இன்னும் குளிர்ந்துபோனான்.

“சார் நம்ம ஆளு! எப்பவும் முழுத் திறப்புதானே சார்?”

“வேற எதுக்கு வாங்கறது தம்பி?” என்றார் மாமா. இருவரும் உடன்பிறந்தவர்கள்போல் சிரித்தார்கள்.

“அன்னைக்கு அவ்வளவு வெயிலை எப்படிப்பா சமாளிச்சே?” என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

“எலக்ட்ரானிக் ஷட்டர்மா. ஒரு செகண்டை முப்பத்திரெண்டாயிரமா நறுக்கி அதுல ஒரு துண்டு. கண்ணு சிமிட்டறதெல்லாம் அதுக்கு முன்னால ஆமை. சார்கிட்ட கேட்டுப் பாருங்க, எங்க மாதிரி ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் எடுப்போம்.”

மாமா பலமாகத் தலையாட்டினார்.

“அந்தப் பொண்ணு கறுப்பு ஃபில்டர் போட்டு எடுத்ததா பதிப்பாளர்கிட்ட சொல்லியிருக்காளே?”

தாடி தொடையில் தட்டிச் சிரித்தான். “யாரு, பட்டறையா? நல்லா காதுல பூ சுத்தியிருக்கா! எங்ககிட்ட இருந்ததே ஒரே ஒரு கறுப்பு ஃபில்டர்மா. அது போன மாசமே கீழ விழுந்து சுக்குநூறாப் போச்சு. கண்ணாடித்தூளை நான்தான் பெருக்கி அள்ளினேன். வேணும்னா பக்கத்துக் கடையில கேளுங்க.”

“சுத்தியிருந்த வளையம்?”

“அதை அவ எடுத்துக்கிட்டா. உடைஞ்சது ஒட்டினது எல்லாம் பொறுக்கி வெச்சுக்கறது அவளுக்கு ஒரு வியாதி. அவங்க அம்மா வெல்டிங் பட்டறை வெச்சிருக்காங்கல்ல, ரத்தத்துலயே இரும்புக்கடை! ஒரு தடவை கல்யாண வீட்டுக்குத் தகரத்தை வெட்டி லைட்டுக்கு மாட்டிட்டு வந்தா. அத்தனை பேர் முன்னால சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அன்னைலேர்ந்து அவளுக்குப் பட்டறைன்னே பேர் வெச்சுட்டேன்.”

அவன் சிரித்தான். கூடச் சிரிக்க மாமாவின் வாய் பாதி திறந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

“படம் ஏன் கறுப்பு வெள்ளை? உங்க படமெல்லாம் கலரா இருக்கே?”

“ஒரு மூடும்மா” என்றான் தாடி. “கலைன்னு வந்துட்டா கறுப்பு வெள்ளைதானே?”

தெருவில் இறங்கியதும் மாமா கையைத் தேய்த்துக்கொண்டார். “கேஸ் முடிஞ்சுது. இல்லாத ஃபில்டரை எப்படி மாட்டுவா? பொண்ணு பொய் சொல்றா. பாவம், ஆனாலும் பொய்.”

“வெயில் ஏறுது, வாங்க” என்றார் அவர்.

வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பிகளும் பாதி முடிந்த இரும்புக் கதவுகளும் சுவரில் சாய்ந்து நின்றன. நடுவில் ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து, வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேஸ் தீயால் ஒரு குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பொறிகள் மத்தாப்பாகச் சிதறின. இவர்களைக் கண்டதும் தீயை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பொண்ணு உள்ள இருக்கா. ரெண்டு நாளா சாப்பிடல. கேட்டா ஒண்ணும் இல்லங்கறா. பெத்தவகிட்டயே வீம்பு.”

இன்சூரன்ஸ் அம்மா உள்ளே போனார். மாமாவுக்கு எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த அம்மாள் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். தெரு, மரம், சைக்கிள், நாய் எல்லாம் பாட்டில் பச்சையில் மூழ்கிக் கிடந்தன.

“அடேயப்பா, நாய்கூடப் பச்சையா இருக்கு!”

“அதுவும் கொஞ்ச காலம்தான் சார்” என்றார் அந்த அம்மாள். “பொறி தெறிச்சுத் தெறிச்சு கண்ணாடி அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிடும். அப்புறம் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டணும். போட்டதையும் என் பொண்ணு எடுத்து வெச்சுக்குவா. எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டா.”

உள்ளே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாளே தவிர எழவில்லை. மாமா வந்து சேர்ந்தபோது இன்சூரன்ஸ் அம்மா அதே கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார்.

“கறுப்பு ஃபில்டர் போட்டேன்” என்றாள் அவள்.

“உங்க ஃபில்டர் உடைஞ்சுபோச்சாமே?”

“வேற போட்டேன்.”

“அது எங்கம்மா?”

அவள் கண் ஒரு நொடி அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. “தொலைஞ்சுபோச்சு.”

“கிடைச்சா உன் கட்சி ஜெயிக்கும்.”

“காட்டித்தான் ஜெயிக்கணும்னா வேண்டாம்மா. நான் எடுத்த படம். அதுல ஒரு இடம்கூட தற்செயல் இல்ல. நம்பறவங்க நம்பட்டும்.” குரல் உடைகிற மாதிரி இருந்தது, ஆனால் உடையவில்லை. “இன்னொரு தடவை அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு நான் தயாரா இல்ல.”

திரும்பி வரும்போது மாமா விடாமல் பேசினார். “பார்த்தியா? தொலைஞ்சுபோச்சாம்! சப்பைக்கட்டு. எத்தனை கேஸ்ல கேட்டிருப்பே இந்த வார்த்தையை!”

“நிறைய கேட்டிருக்கேன். பொய் சொல்றவங்க எல்லாரும் பொருளைத் திருடத்தான் சொல்லுவாங்கன்னு இல்லீங்க. சில பேர் மானத்தைக் காப்பாத்திக்கவும் சொல்லுவாங்க.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “ஆமா, அந்த அம்மாவோட கண்ணாடியை மாட்டிக்கிட்டீங்களே, என்ன தெரிஞ்சுது?”

“எல்லாம் பச்சையா தெரிஞ்சுது. வேற என்ன?”

“அது போதும்” என்று அவர் நடையை எட்டிப்போட்டார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த நடை அவருக்குத் தெரியும். எரிந்த கிடங்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் பார்த்த நடை. தாடி சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதும் தன் கட்சி தோற்கப்போகிறது என்பதும் அப்போதே தெரிந்துபோய், காரணமில்லாமல் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் உச்சி வேளையில் பதிப்பகத்தின் பின்முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். பதிப்பாளர் அட்டைப் படத்தை ஒரு பலகையில் சாய்த்து வைத்திருந்தார். தாடி கேமராவோடு வந்திருந்தான். அந்தப் பெண் தன் பையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள். இன்சூரன்ஸ் அம்மா சொல்லியனுப்பியதால் அவளுடைய அம்மாவும் கரிபட்ட வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தம்பி, அன்னைக்கு எடுத்த மாதிரியே இன்னைக்கும் ஒண்ணு எடுத்துக் காட்டு” என்றார் இன்சூரன்ஸ் அம்மா. “அந்தா நிக்கற கார்மேல இவர் தண்ணியை வீசுவார்.”

“நானா?” என்றார் மாமா.

“நீங்கதான். முகத்தை நல்லா வெச்சுக்குங்க.”

மாமா வாளியைத் தூக்கிச் சுழற்றி வீசினார். பாதி கார்மேல் விழுந்தது, மீதி அவர்மேலேயே விழுந்தது. தாடி சத்தமே இல்லாமல் படமெடுத்துவிட்டு, கேமராவின் திரையை எல்லோருக்கும் காட்டினான். பிரமாதமான படம்தான். மாமாவின் மூக்கு நுனி துல்லியமாக இருந்தது. கார் உருகிப்போய், கண்ணாடியிலும் பம்பரிலும் பட்ட வெயில் வட்டங்களாகியிருந்தது. தண்ணீர் ஆயிரம் கண்ணாடிக் குண்டுகளாக அந்தரத்தில் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றான் தாடி. “முப்பத்திரெண்டாயிரத்துல ஒரு பங்கு!”

“ரொம்ப நல்லா இருக்கு. இப்போ அட்டைப் படத்துல தண்ணியைப் பாருங்க.”

எல்லோரும் பலகைப் பக்கம் திரும்பினார்கள். மாமாதான் முதலில் பார்த்தார். ஈரம் சொட்டச் சொட்ட அவர் கத்தினார். “நூலு! இங்க குண்டு, அங்க நூலு!”

“ஆமாங்க. தண்ணி நீளமா ஓடியிருக்கு. அதுக்கு ஷட்டர் இதைவிட எவ்வளவோ மெதுவா மூடியிருக்கணும். நீ சொன்ன வேகத்துல எடுத்தா தண்ணி குண்டாத்தான் நிக்கும்னு இப்ப நீயே காட்டிட்டே தம்பி.”

தாடியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “அன்னைக்கு மேகம் வந்திருக்கும். மெதுவா வெச்சிருப்பேன். ஞாபகம் இல்ல.”

“அந்தப் பொண்ணு காலடியில நிழலைப் பாரு. மேகம் வந்தா நிழலுக்கு இப்படி ஓரம் இருக்குமா?”

“அப்போ லென்ஸ் வாயைச் சுருக்கியிருப்பேன்.”

இந்தத் தடவை மாமா விடவில்லை. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல் தானாக வந்தது. “சுருக்கினா பின்னால இருக்கற பஸ்ஸெல்லாம் தெரிஞ்சிருக்குமேடா! பஸ் நம்பரையே படிக்கலாமே! உருகியிருக்கு பாரு, வாய் முழுசா திறந்துதான் இருந்துது.”

“அப்போ... கறுப்பு ஃபில்டர் போட்டிருப்பேன்.”

“சுக்குநூறாப் போனதையா?” என்றார் இன்சூரன்ஸ் அம்மா மெதுவாக. “தூளை நீதானே அள்ளினதா சொன்னே?”

தாடி கேமராவின் திரையை அணைத்தான்.

பதிப்பாளர் குழம்பினார். “அப்போ இவளும் போட்டிருக்க முடியாதே?”

“கடையில வாங்கின ஃபில்டரைப் போட்டிருக்க முடியாது. ஆனா வெளிச்சத்தைக் குறைக்கற ஏதோ ஒரு கண்ணாடி லென்ஸ் முன்னால இருந்திருக்கு. அது எந்தக் கண்ணாடி? அதுல ரெண்டு வடு இருக்கு, பெருசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு. லென்ஸ் வாய் முழுசா திறந்திருக்கும்போது, முன்கண்ணாடியில இருக்கற வடு முகத்துல தெரியாது. மங்கிப்போன ஒவ்வொரு வட்டத்துலயும்தான் தெரியும். முதல் நாளே பார்த்தேன். இவர் தூசுன்னார். சரி, தம்பி இப்ப எடுத்த படத்துல வட்டமெல்லாம் சுத்தமா இருக்கு, அதே லென்ஸ்தான். அப்போ வடு லென்ஸுல இல்ல, அந்தக் கண்ணாடியில. அப்புறம், படம் ஏன் கறுப்பு வெள்ளை? அந்தக் கண்ணாடி வழியா எடுத்தா கலர் கெட்டுப்போகும். தோல், தண்ணி எல்லாம் ஒரே நிறமா ஆயிடும். என்ன நிறம்னு இவருக்குத் தெரியும்.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமாவின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“பச்சை” என்றார். “நாய்கூடப் பச்சை!”

இன்சூரன்ஸ் அம்மா அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். “மீதியை நானே சொல்லிடுவேன்மா. ஆனா இது உன் வாயால வரவேண்டிய பெருமை. இதைக் கேட்டு யார் சிரிக்கறாங்கன்னு நான் பார்க்கறேன்.”

பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உடைந்த ஃபில்டரின் வளையம். அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, வெல்டிங் கண்ணாடியின் வட்டச் சில்லு.

“அம்மா கழட்டிப் போட்டது” என்றாள். முதலில் குரல் எழவில்லை. சொல்லச் சொல்ல நிமிர்ந்தது. “வேகமா எடுத்தா தண்ணி நின்னுடும்மா. நின்னா அழகாத்தான் இருக்கும், ஆனா அது அந்த அக்கா இல்ல. அவங்க கையில இருக்கற வீச்சு தெரியணும். அதுக்குத் தண்ணி ஓடணும், மூஞ்சி மட்டும் நிக்கணும், மத்ததெல்லாம் உருகணும். எல்லாம் அந்த வெயில்லயே நடக்கணும். ஃபில்டர் உடைஞ்சதும் எல்லாக் கண்ணாடியையும் போட்டுப் பார்த்தேன். இதுதான் சரியா இருந்துது. நான்தான் எடுத்தேன். யோசிச்சு எடுத்தேன்.”

மாமா தன் கேமராவைத் தோளிலிருந்து கழற்றி நீட்டினார். வளையம் அவருடைய லென்ஸிலும் பொருந்தியது. இன்னொரு வாளித் தண்ணீருக்கும் அவரே தலைகொடுத்தார். திரையில் மாமா பாசிபிடித்த மாதிரி பச்சையாகத் தெரிந்தார். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பச்சை போய்க் கறுப்பு வெள்ளை வந்தது. தண்ணீர் வெள்ளி நூலாக ஓடியது. பின்னால் கார்க் கண்ணாடியின் வட்டங்கள் ஒவ்வொன்றிலும், பெரியதும் சின்னதுமாக இரண்டு மச்சம்.

பதிப்பாளர் திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாடியைப் பார்த்தார்.

“மூலப் படத்தை அழிச்சது நீதானா?”

தாடி தரையைப் பார்த்தபடி நின்றான். “பச்சையா கிடந்துது. வீணாப்போன படம்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் கறுப்பு வெள்ளையில பார்த்தேன்... என் லென்ஸும்தானே, எனக்கும் பங்கு இருக்குன்னு...” ஒரு தடவை அட்டைப் படத்தை நிமிர்ந்து பார்த்தான். “இப்படி ஒண்ணு எனக்கு வரவே இல்ல” என்று முனகிவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அவன் யாரையும் பட்டறை என்று கூப்பிடவில்லை.

பதிப்பாளர் பேனாவைத் திறந்தார். “சொல்லும்மா. அட்டையில என்ன பேர் போடட்டும்?”

அவள் உதட்டோரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“பட்டறைன்னு போடுங்க.”

“நிஜமாவா?”

“அவன் வெச்ச பேர்தான். ஆனா இடம் எங்க அம்மாவோடது.”

அந்த அம்மாள் பலகைக்குப் பக்கத்தில் போய், கரிபட்ட விரல் படாமல், ஒரு வட்டத்துக்கு நேராகக் காட்டினார்.

“இந்தப் பெரிய பொறி தெறிச்ச அன்னைக்கு எனக்கு ஞாபகம் இருக்கு. பள்ளிக்கூடத்துக் கேட் செஞ்சுகிட்டிருந்தேன். கண்ணாடி இல்லைன்னா நேரா கண்ணுலதான் விழுந்திருக்கும்.” ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். “கண்ணுல விழ வேண்டியது, என் பொண்ணு படத்துல வந்து இப்படி மினுங்குது பாருங்க!” அவர் சுற்றிலும் எல்லோர் முகத்தையும் பார்த்த பார்வையில் அப்படியொரு மிடுக்கு. மகள் வந்து அந்தக் கரிச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் மாமாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். “எல்லாரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம் எடுக்கறேன்” என்றார்.

“யாரு மூக்கு தெரியப்போகுதோ?” என்றார் இன்சூரன்ஸ் அம்மா. ஆனாலும் போய் நின்றுகொண்டார்.

மாமா பச்சைக் கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தார். இந்தப் பக்கம் அம்மாவும் மகளும். அந்தப் பக்கம் கையில் அட்டையோடு பதிப்பாளர். கொஞ்சம் தள்ளிப் பின்னால், எதுவுமே நடக்காத மாதிரி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவர் வீட்டம்மா. வழக்கம்போல் ஒரு முகத்தைக் குறிபார்த்தார். பிறகு இன்னொன்றை. எதை விடுவது என்று தெரியவில்லை. யாரையும் மங்கலாக்க அவருக்கு மனசு வரவில்லை.

லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அதன் வாயைச் சுருக்கினார்.